ஷார்ஜாவில் வண்டி பார்க்கப் போனேன்

ஒரு கார் வாங்குவதற்காக அக்காவை விமானம் ஏறி வரச் சொன்ன ஆள் என் தம்பி செந்தில் ஒருவனாகத்தான் இருப்பான். அவன் ஷார்ஜாவில் மனைவி, மகளோடு இருக்கிறான். கட்டடங்களுக்கு ஏசி குழாய் பதிக்கும் ஒரு கம்பெனியில் இன்ஜினியர். நான் கோயம்புத்தூரில் வெட் கிரைண்டர் உதிரி பாகங்கள் விற்கிறவள். கார்களைப் பற்றி எனக்கென்ன தெரியும் என்றால், கொரியாக்காரன் செய்த சின்ன எஸ்யூவி ஒன்றைப் பல வருடமாக நானே ஓட்டுகிறேன். பல்லடம், பொள்ளாச்சி, உடுமலை என்று கடை கடையாக ஏறி இறங்குவது அதில்தான். அதை யாராவது குறை சொன்னால் எனக்குச் சுருக்கென்று வரும்.

"அக்கா, உன்ற வண்டியோட புது மாடல் இங்க வந்திருக்கு. ஆளையே மாத்திட்டான். ஜப்பான்காரன் வண்டி ஒண்ணு இருக்கு, சீனாக்காரன் வண்டி ஒண்ணு இருக்கு. எதுன்னே தெரியல. நீ வந்து உக்காந்து பாத்துச் சொல்லிப்போடு" என்றான் செந்தில்.

வண்டி அவனுக்கல்ல. அவனிடம் ஒரு பழைய கார் இருக்கிறது, அதில் அவன் வேலைக்குப் போய் வருகிறான். இது அவன் மனைவி கவிதாவுக்கு. கவிதா பிசியோதெரபிஸ்ட். கோவையில் ஒரு நல்ல ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள், மகள் யாழினி பிறந்ததும் வீட்டில் உட்கார்ந்துவிட்டாள். இப்போது யாழினி மூன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். புஜைராவில் ஒரு ஆஸ்பத்திரி கவிதாவைக் கூப்பிட்டிருக்கிறது. புஜைரா இருப்பது மலைக்கு அந்தப் பக்கம், கிழக்குக் கடற்கரையில். போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், வரவும் அப்படித்தான். டியூட்டி நேரத்துக்குத் தோதாக பஸ் கிடையாது. சொந்த வண்டி இருந்தால்தான் வேலை. வேலைக்கு வருகிறேன் அல்லது வரவில்லை என்று திங்கட்கிழமை காலைக்குள் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஒரு தடவை தவணை கேட்டாகிவிட்டது, இன்னொரு தடவை தர மாட்டார்கள்.

லைசென்ஸ் வாங்கிக் கையில் வைத்திருக்கிறாள். அந்த ஊரில் அது லேசான காரியமல்ல. செந்திலே பலமுறை தோற்று வாங்கியவன், கவிதா இரண்டாவது தடவையிலேயே வாங்கிவிட்டாள். ஆனாலும் நாலு மாதமாக வண்டி பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இவனுக்குப் பெண் பார்த்தபோது கூட நாங்கள் இத்தனை நாள் எடுத்துக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை காலையில் போய் இறங்கினேன். செப்டம்பர் கடைசி, வெயில் இன்னும் குறையவில்லை. விமான நிலையக் கதவு திறந்ததும் இட்லிச் சட்டி மூடியைத் திறந்தது போல முகத்தில் ஆவி அடித்தது. பழக்க தோஷத்தில் காரின் வலது பக்கம் முன்கதவைத் தவிர்த்து இடது பக்கம் போய்த் திறந்தேன். ஸ்டீயரிங் இருந்தது.

"அத்தை, அது டிரைவர் சைடு!" என்று யாழினி கத்தினாள். பிறகு வீடு போய்ச் சேரும் வரை எல்லாவற்றையும் எனக்கு ஆங்கிலத்திலேயே விளக்கினாள்.

அன்று மத்தியானம் பால் வாங்க நானும் கவிதாவும் எதிர்க்கடைக்கு நடந்தோம். கோடு போட்ட இடத்தில் நான் ஒரு காலை எடுத்து வைத்ததும் ஒரு பெரிய வண்டி சத்தமில்லாமல் நின்றது. வண்டிக்கு வழிவிட்டே வளர்ந்தவள் நான், பின்வாங்கினேன். வண்டி நகரவில்லை. நானும் நகரவில்லை. கடைசியில் ஓட்டியவர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து சிரித்துக்கொண்டே கையைக் காட்ட, கவிதா என் முழங்கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். எனக்கு அந்த மனிதருக்குப் போய்க் கும்பிடு போட வேண்டும் போலிருந்தது. காந்திபுரத்தில் நான் இப்படி நின்றால் பின்னாலிருக்கும் பஸ்காரர் என் மூன்று தலைமுறையையும் விசாரித்திருப்பார்.

இந்த ஊரில் கார் வாங்குகிற முறையே வேறு. ஷோரூமுக்குக் கடைசியில்தான் போகிறார்கள். அதற்கு முன்னால், அந்த வண்டியை ஏற்கெனவே வாங்கியவர் யார் என்று நண்பர்கள் வழியாக விசாரித்துப் பிடிக்க வேண்டும். பிடித்துவிட்டால் போதும். முன்பின் தெரியாதவராக இருந்தாலும் வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போட்டு, சாவியையும் கையில் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொல்வார். இந்தத் தாராளத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஒரே ஒரு சிக்கல், தன் வண்டியில் குறை இருக்கிறது என்று அவர் வாயிலிருந்து வராது. லோன் போட்டு வாங்கியவர் எப்படிச் சொல்வார்?

முதலில் பார்த்தது ஜப்பான் வண்டி. உரிமையாளர் அதே கட்டடத்தில் கீழே குடியிருக்கும் முரளி. மாம்பலத்துக்காரர், ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறார். சாயங்காலம் நாங்கள் போனபோது பார்க்கிங்கில் இரண்டு பெரிய சூட்கேஸோடு காத்திருந்தார். யாரோ ஊருக்குக் கிளம்புகிறார்கள் என்று நினைத்தேன். காரின் டிக்கியைத் திறந்து சூட்கேஸ் இரண்டையும் உள்ளே வைத்தார். மேலே ஒரு அட்டைப்பெட்டி, அதற்கும் மேலே ஒரு கைப்பை. பிறகு டிக்கியை அறைந்து மூடினார்.

"பாத்தீங்களா மேடம்? லீவுக்குப் போறப்ப ஏர்போர்ட்டுக்கு ரெண்டாவது வண்டி வேண்டாம். இதுதான் சார் டெஸ்ட். மத்தது எல்லாம் சும்மா" என்றார்.

வளைகுடாவில் டிக்கியின் அளவை லிட்டரில் சொல்வதில்லை, ஊருக்குக் கொண்டுபோகிற பெட்டியில்தான் சொல்கிறார்கள். நம் ஊரில் மாமியார் வீட்டுக்கு வாழைத்தார் போகுமா என்று பார்ப்பதற்கு இது எவ்வளவோ மேல் என்று தோன்றியது. அடுத்து ஏசி. வண்டியை மத்தியானம் முழுக்க வெயிலில் வேண்டுமென்றே நிறுத்தி வைத்திருந்தாராம், எங்களுக்காக. ஏறி உட்கார்ந்து பொத்தானை அமுக்கியதும் குளிர் முழங்காலைத் தொட்டது. அதில் எனக்கு மனதார மரியாதை வந்தது. செந்தில் ஓட்ட, முரளி முன்னால் உட்கார, நாங்கள் இரண்டு பேரும் பின்னால் உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றி வந்தோம். போகும் வழியெல்லாம் அஞ்சு வருஷம் கழித்து விற்றால் என்ன விலை போகும் என்பதையே முரளி பேசினார். இன்னும் வாங்காத வண்டியை எங்களை விற்கவே வைத்துவிட்டார்.

அவர் மனைவி லலிதா அடை வார்த்துப் போட்டாள். ஓரம் மொறுமொறுவென்று, பக்கத்தில் வெல்லமும் வெண்ணெயும். அடுப்படியில் எங்களிடம் குரலைத் தாழ்த்தினாள்.

"ஏசி சூப்பர், பொய் சொல்லக் கூடாது. ஆனா ஹைவேல வேகமாப் போனா உள்ள ஒரே இரைச்சல். பின்னாடி உக்காந்தா அவர் பேசறதே கேக்காது. ஒரு வகையில அதுவும் நல்லதுதான். அவர்கிட்ட சொல்லிடாதீங்க, ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வச்சுப்பார்."

எனக்குப் பளிச்சென்று விளங்கியது. உரிமையாளர் கருத்து வேண்டுமென்றால் அடுப்படிக்குப் போக வேண்டும். வீடு திரும்பியதும் கவிதா முதல் வேலையாக, "ஏனுங்க, அந்த வண்டி ரொம்பச் சத்தமாமுங்க. அவ்வளவு தூரம் போறதுக்கு ஆகுமுங்களா?" என்றாள். செந்தில் உடனே, "அதான, நானும் கவனிச்சேன்" என்றான். ஜப்பான் வண்டி அதோடு தள்ளுபடி.

வெள்ளிக்கிழமை சீன வண்டி. அதன் சொந்தக்காரர் யூசுஃப் பாய், பெஷாவர்க்காரர், செந்திலோடு சைட்டில் சூப்பர்வைசராக இருப்பவர். அவர்களுக்குள் இந்தி. எனக்கு வங்கி மேனேஜரிடம் பேசுகிற அளவுக்கு இந்தி வரும், மற்றதைச் செந்தில் சொன்னான். ஆறடி உயரம், மருதாணிச் சிவப்பில் தாடி, என்னை எடுத்தவுடனே 'ஆபா' என்று அழைத்தார். அக்கா என்று அர்த்தம் என்றான் தம்பி. அந்த நிமிடமே அவர் வண்டியின் பாதி எனக்குப் பிடித்துவிட்டது.

வண்டியும் லேசுப்பட்டதல்ல. முன்னால் தையல் மெஷின் மேஜை அகலத்துக்குத் திரை. மேலே முழுக்கக் கண்ணாடிக் கூரை. விலையோ மற்ற இரண்டையும்விடக் குறைவு. ஒரு டீக்கடை முன்னால் நிறுத்தி யூசுஃப் பாய் ஹாரன் அடித்தார். யாரோடு சண்டையோ என்று நான் எட்டிப் பார்த்தேன். கடைக்காரர் ஓடி வந்து ஜன்னல் பக்கம் குனிந்தார். அஞ்சு கடக் சாயா, ஏலக்காய் போட்டுக் கொதிக்க வைத்த பால் டீ, காகிதக் கப்பில் வந்தது. யாருமே வண்டியை விட்டு இறங்குவதில்லை. எங்களுக்கு முன்னாலும் பின்னாலும் வண்டிகள் நின்று அதே மாதிரி ஹாரன் அடித்தன, கடைக்காரரும் சிரித்த முகமாக ஓடிக்கொண்டே இருந்தார். "வண்டி வாங்குறவங்க இன்ஜினைப் பாக்குறாங்க. நான் கப் வைக்கிற குழியைத்தான் முதல்ல பாத்தேன். கடக் கப் இதுல ஆடாம நிக்கும்" என்றார் யூசுஃப் பாய். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. என் வண்டியில் கப் ஆடும்.

ஆனால் அந்த வண்டி பேசியது. வழி சொல்வதற்கு மட்டுமல்ல, கண்டிப்பதற்கும். யூசுஃப் பாய் எங்களைப் பார்த்துத் திரும்பிப் பேசினால் சாலையைப் பார் என்றது. ஒரு கொட்டாவி விட்டார், ஓய்வெடு என்றது. தும்மினார், அதற்கும் ஏதோ சொன்னது. "வீட்டில ஒருத்தி, இங்க ஒருத்தி" என்று அவர் தலையில் கை வைக்க, யாழினி சீட்டில் புரண்டு சிரித்தாள்.

ஊருக்கு வெளியே மலிஹா பக்கம் மணல் சிவப்பாகக் கிடக்கிறது. தார்ச்சாலை ஓரத்திலேயே மேடுமேடாகத் தொடங்கிவிடுகிறது. மாலை வெயிலில் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். யூசுஃப் பாய் பார்ப்பதோடு நிற்கவில்லை. எஸ்யூவி என்று சொல்லி வாங்கியிருக்கிறோம், ஆபா ஊரிலிருந்து வந்திருக்கிறார், சும்மா திரும்பலாமா என்று வண்டியை மணலில் இறக்கினார். இந்தச் சின்ன எஸ்யூவிகளுக்கு எஞ்சினின் இழுவை முன்சக்கரம் இரண்டுக்கும் மட்டும்தான். உயரமும் முகமும்தான் காட்டு வண்டி, கால் வீட்டு வண்டி. அது எனக்குத் தெரியும், நான் சொல்வதற்குள் முன்சக்கரங்கள் புதைந்துவிட்டன. அவர் மிதிக்க மிதிக்க மணல் பின்னால் பறந்தது, வண்டி கீழே போனது. "ஏனுங்க, அவரை மிதிக்க வேண்டாமுன்னு சொல்லுங்க, இன்னும் போகுது" என்றாள் கவிதா. அதற்குள் வண்டியின் வயிறு மணலைத் தட்டிவிட்டது.

நாங்கள் போன் எடுப்பதற்கு முன்பே ஒரு பிக்கப் திரும்பி வந்து நின்றது. வெள்ளை அங்கி போட்ட ஓர் இளைஞர், அந்த ஊர்க்காரர், இறங்கினார். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு மணலில் மண்டியிட்டு நாலு டயரிலும் பாதிக் காற்றை இறக்கினார். தன் பிக்கப்பிலிருந்த இழுவைப் பட்டையை எங்கள் வண்டியின் கொக்கியில் மாட்டி, "யல்லா", கிளம்பலாம் என்று ஒரு வார்த்தை சொல்லி இழுத்தார். வண்டி சொன்னபடி கேட்டது. பிறகு தன்னிடமிருந்த பம்ப்பை எடுத்து அவரே காற்றும் அடித்துக்கொடுத்தார். நாங்கள் என்ன கொடுப்பது என்று விழித்துக்கொண்டிருக்க, அவர் எங்களுக்குப் பேரீச்சம்பழ டப்பாவை நீட்டினார். அதற்குள் யூசுஃப் பாய் அவரிடம் தன் வண்டி பேசுகிற கதையையும் சொல்லியிருந்தார். போகும்போது அந்த இளைஞர் அரபியில் ஏதோ கேட்டுவிட்டுச் சிரித்தார். யூசுஃப் பாய் மொழிபெயர்க்கக் கொஞ்சம் தயங்கினார். "நல்ல வண்டி, பேசவும் செய்யுதாமே. மணலுக்குப் போகாதேன்னு மட்டும் அது சொல்லலையான்னு கேக்குறார்."

நான் அந்தப் பழத்தைத் தின்றுகொண்டே அவர் போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யார் எவர் என்று கேட்காமல் புழுதியில் மண்டியிடுகிற மனிதர்கள் உள்ள நாடு நல்ல நாடுதான்.

அன்று வீட்டில் கவிதா, "அது ரொம்பப் பேசுதுங்க. ஓட்டறப்ப அப்படிப் பேசுச்சுன்னா எனக்கு ரோட்டுல கவனமே நிக்காது" என்றாள். செந்தில், "அதத்தான் நானும் நெனச்சேன்" என்றான். மற்ற விஷயங்களில் உப்புப் பெறாததற்கெல்லாம் முட்டிக்கொள்கிற இரண்டு பேரும் வண்டியில் குறை சொல்லும்போது மட்டும் ஒரே குரலாகிவிடுவது எனக்கு உறுத்தியது. மூன்றாவது வண்டியையும் கழித்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடும். திங்கட்கிழமை அவள் இல்லை என்று சொல்வதுதான் பாக்கி இருக்கும். படுக்கப் போகும்முன் கேட்டுவிட்டேன். "வேலைக்குப் போக ஆசையிருக்கா இல்லையா, கவிதா?"

"ரொம்ப ஆசையிருக்குங்க அண்ணி" என்றாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு.

சனிக்கிழமை யாழினியை லலிதாவிடம் விட்டுவிட்டுச் செந்திலின் பழைய காரில் புஜைராவுக்குக் கிளம்பினோம். அந்தச் சாலையைப் போட்டவர்களை எங்கே பார்த்தாலும் கையெடுத்துக் கும்பிடுவேன். புல் பூண்டு முளைக்காத பழுப்பு மலைகள், அவற்றின் வயிற்றைக் குடைந்து சுரங்கப்பாதைகள், உள்ளே கல்யாண மண்டபம் போல விளக்கு. ஒரு குழி இல்லை, ஒரு குலுக்கல் இல்லை. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு வந்தேன். கவிதா வழியெல்லாம் சாலையையே பார்த்தாள். கடைசி மலை விலகியதும் கடல் வந்தது, நங்கூரம் போட்ட கப்பல்கள் கண்ணுக்கெட்டிய மட்டும் வரிசையாக நின்றன.

என் வண்டியின் புது மாடலை வைத்திருப்பவர்கள் சுடலைமணியும் செல்வியும். தூத்துக்குடிக்காரர்கள். சுடலைமணிக்கு எண்ணெய் சேமிக்கும் பெரிய தொட்டிகள் இருக்கும் இடத்தில் வேலை. செல்வி வடக்கே திப்பா என்ற ஊரில் ஒரு பள்ளியில் டீச்சர், தினமும் அந்த வண்டியில்தான் போய் வருகிறாள். சீலா மீன் குழம்பு வைத்திருந்தாள். புளியும் தேங்காயும் சரியாகச் சேர்ந்து, நான் வெட்கத்தை விட்டு மூன்றாவது தடவை சோறு வாங்கினேன்.

சாப்பிட்டுவிட்டு வண்டியைப் பார்த்தேன். பார்த்ததும் பொறாமை வந்தது, மறைக்காமல் சொல்கிறேன். என் வண்டியின் உருண்டை முகத்தை எடுத்துவிட்டு விளக்குகளை ஒரே கோடாக்கியிருக்கிறார்கள். உள்ளே இன்னும் இடம். சீட்டிலிருந்து முதுகுக்குக் குளிர்ந்த காற்று வருகிறது. வண்டியை மேலே நின்று பார்ப்பது போலத் திரையில் காட்டுகிறது, பார்க்கிங் கோட்டுக்குள் கண்ணை மூடிக்கொண்டு நிறுத்தலாம். இத்தனையும் செய்துவிட்டு, ஏசிக்குத் திருகும் குமிழை மட்டும் எடுக்காமல் விட்டிருக்கிறார்கள். அதைச் செய்தவர் கட்டாயம் வண்டி ஓட்டுகிற மனிதராகத்தான் இருக்க வேண்டும். எஞ்சினை ஓடவிட்டுக் காது கொடுத்தேன். மோட்டார் சத்தத்தில் பிழைப்பு நடத்துகிறவள் சொல்கிறேன், அது சுத்தமான சத்தம்.

"கொறையும் இருக்கு, கேட்டுக்கிடுங்க" என்றாள் செல்வி. நான் நிமிர்ந்து பார்த்தேன். "அந்தத் தெரையில வெயில் பட்டா ஒரு மண்ணும் தெரியாது. கோட்டத் தாண்டுனா ஸ்டீயரிங்கப் புடிச்சி இழுக்கும், மொத நாளே அத அமத்திப் போட்டுட்டேன். பின்கண்ணாடி சின்னது, கழுத்தத் திருப்பித்தான் பாக்கணும்."

"ஏ, வாங்க வந்தவங்கட்ட இப்படியா சொல்லுவ?" என்றார் சுடலைமணி.

"உள்ளதத்தான சொல்லுதேன். நான்தான ஓட்டுதேன்." செல்வி சாவியை எடுத்தாள். செந்தில் கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. "அண்ணே, தெனமும் ஓட்டப் போறது யாரு?"

"கவிதாதான்" என்றான்.

"அப்ப நீங்க எதுக்குக் கைய நீட்டுதிய?" என்று சாவியைக் கவிதாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. மூன்று நாளாக வண்டி பார்க்கிறோம், ஓட்டப் போகிறவள் இன்னும் டிரைவர் சீட்டில் ஒரு தடவைகூட உட்காரவில்லை. முரளி வண்டியில் செந்தில் உட்கார்ந்து சீட்டைத் தன் காலுக்குத் தகுந்தபடி பின்னால் தள்ளிக்கொண்டான், அடுத்ததை யூசுஃப் பாயே ஓட்டினார், இங்கேயும் செந்தில்தான் கையை நீட்டினான். கவிதாவும் தானாகவே பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டிருந்தாள். நானும் அவள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து கருத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். எத்தனை புத்திசாலிகள் நாங்கள்.

"இங்கயே உள்ளூர்ல ஒரு ரவுண்டு ஓட்டட்டுங்க" என்றான் செந்தில்.

"உள்ளூர்ல ஓட்டதுக்கா இம்புட்டு விசாரணை? மசாஃபி போற பழைய மலை ரோட்டுல ஓட்டட்டும். அதுல ஓட்டிட்டாள்னா நீங்க வந்த புது ரோடு அவளுக்கு ஒண்ணுமே கெடையாது" என்று செல்வி முன்னால் ஏறிவிட்டாள். சுடலைமணி வீட்டிலேயே நின்றுகொண்டார். நானும் செந்திலும் பின்னால்.

கவிதா சீட்டை முன்னால் இழுத்தாள், உயர்த்தினாள், கண்ணாடிகளைத் திருப்பினாள். அவசரப்படவில்லை. ஊரைத் தாண்டியதும் மலை இரண்டு பக்கமும் நெருங்கி வந்தது. சாலை வளைந்து வளைந்து ஏறியது. செந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் என்பதால் எனக்குத் தெரியும், அவன் வலது கால் முன்சீட்டுக்கு அடியில் இல்லாத பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டிருந்தது. "ஸ்லோ, ஸ்லோ... வளைவு வருது... ரைட்ல ஒதுங்கு" என்று வாயும் ஓயவில்லை.

ஒரு வளைவில் கல் ஏற்றிய டிப்பர் லாரி ஒன்று குறுக்குச் சாலையிலிருந்து விருட்டென்று எங்கள் முன்னால் ஏறியது. செந்தில் கத்தினான். நானும் கத்தினேன். கவிதா கத்தவில்லை. பிரேக்கை அழுத்தினாள், கண்ணாடியில் பின்னால் பார்த்தாள், வேகத்தைக் குறைத்து லாரிக்கு இடம் விட்டாள். லாரி தன் பாட்டுக்கு முன்னால் போனது. அதிலிருந்து பொடிக்கல் உருண்டு விழ, இன்னும் கொஞ்சம் பின்தங்கிக்கொண்டாள்.

"ஏனுங்க" என்றாள், திரும்பாமலே. "கொஞ்ச நேரம் பேசாம வாங்க. நான் ரோட்டப் பாக்கோணும்."

செந்தில் வாயை மூடினான்.

மசாஃபியில் சாலை இரு பக்கமும் கடைகள். வெள்ளிக்கிழமைச் சந்தை என்று பெயர், எல்லா நாளும் நடக்கிறது. கம்பளங்கள், மண் ஜாடிகள், மாம்பழம், மாதுளை, சுட்ட சோளம். கவிதா வண்டியை ஓரமாக நிறுத்தி, செல்வியோடு சோளக் கடைக்குப் போனாள். செந்தில் ஒரு கம்பளக் கடை நிழலில் போய் நின்றான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"அக்கா, மூணு வண்டியும் நல்ல வண்டிதான்" என்றான்.

"அது எனக்குத் தெரியாதாடா?"

"வண்டியில ஒண்ணுமில்லக்கா. இவ தெனமும் இந்த மலையில தனியாப் போயிட்டுத் தனியா வர்றத நெனச்சா எனக்கு ராத்திரி தூக்கமே வர்றதில்ல. அதச் சொன்னா வேலைக்குப் போக வேண்டாங்கறேன்னு நெனச்சுக்குவா. போகச் சொல்லவும் முடியல, வேண்டாங்கவும் முடியல. அதான்..."

"அதான் நாலு மாசமா டிக்கியத் தொறந்து பாத்துட்டு இருந்தயா?"

பக்கத்தில் அடுக்கியிருந்த கம்பளத்தில் ஒன்றை எடுத்து அவன் தலையில் போட்டிருப்பேன், அத்தனை கோபம் வந்தது. அடுத்த நிமிடமே அவன் முகத்தைப் பார்த்ததும் கோபம் இறங்கிவிட்டது. பயத்தைப் பயம் என்று சொல்லத் தெரியாமல் ஏசி, இரைச்சல், ரீசேல் என்று ஊரெல்லாம் கேட்டுக்கொண்டு திரிந்திருக்கிறான். எனக்கு அவன்மேல் பாசம் பொங்கியது. ஆனால் அதை அவனிடம் காட்டவில்லை. "எங்கிட்டச் சொன்னத அவகிட்டச் சொல்லு. இல்லைன்னா நான் சொல்லுவேன்" என்றேன்.

கவிதா சோளத்தோடு வந்தாள். அவன் சொன்னான். பாதி விழுங்கி, பாதி சொல்லி, எப்படியோ சொல்லி முடித்தான். அவள் ஆச்சரியப்படவே இல்லை.

"தெரியுமுங்க" என்றாள். "எனக்கும் பயந்தானுங்க. நீங்க ஒவ்வொரு வண்டியா வேண்டாமுன்னு சொல்ல வெக்கணும்னுதான் நானே கொறை எடுத்துக் குடுத்துட்டு இருந்தேன். சத்தமாவது ஒண்ணாவது! லலிதாக்கா சொன்னத அப்படியே புடிச்சுக்கிட்டேன். பயந்துட்டேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு."

செல்வி சோளத்தைக் கடித்தபடி ஒருவர் மாற்றி ஒருவரைப் பார்த்தாள். "அட, கூத்தே" என்றாள்.

"இப்ப?" என்று கேட்டான் செந்தில்.

"இப்பவும் பயம் இருக்குங்க. இருந்தாலும் லாரிக்காரனுக்கு வழி விட்டு வந்துட்டனல்ல?" அவன் கையில் ஒரு சோளத்தைக் கொடுத்தாள். "சாயங்காலமே ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி வர்றேன்னு சொல்லிப்போடறேன். வண்டி எதுன்னு நீங்களும் அண்ணியும் பேசி முடிவு பண்ணிக்கங்க. வெள்ளையா இருந்தாப் போதும், வெயிலு தாங்கும்."

திரும்பும்போது கவிதா தானாகவே டிரைவர் கதவைத் திறந்தாள், செந்தில் தானாகவே பின்னால் ஏறினான். முதல் வளைவு வரை விறைப்பாக உட்கார்ந்திருந்தான். இரண்டாவது வளைவில் கண்ணாடியில் சாய்ந்தான். மலை இறங்கிக் கடல் தெரிவதற்குள், பாதி தின்ற சோளம் கையில் இருக்க, வாயைத் திறந்துகொண்டு நன்றாகத் தூங்கிவிட்டான்.